ஆராய்ச்சிச் சாலையும் அறிவிப்புப் பலகையும்

(நாகரசம்பட்டியில், சுற்றுவட்டார ஊராட்சிப் பிரதிநிதிகளும் விவசாயப் பெருமக்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு.)



பல்கலைக்கழகங்களில் நடைபெறும் உயிரியல் ஆராய்ச்சி கிராமங்களுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். "பல்கலைக்கழகம் கோயம்புத்தூரில் இருக்கிறது, நம் நிலம் நாகரசம்பட்டியில் இருக்கிறது, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அந்தச் சம்பந்தத்தை விளக்குவதே என் நோக்கம்.

அறிவு இரண்டு வகைப்படும் என்று சொல்லலாம். ஒன்று, அறிந்தவன் ஒருவனாயினும் அவனுக்குப் பயன் தரும் அறிவு. நமக்கு அண்மையிலுள்ள பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'பையூர் 2' என்னும் கொள்ளு ரகமும், அதே பெயருடைய கேழ்வரகு ரகமும் அங்கிருந்து வந்தவை. அந்த விதையை ஒருவர் வாங்கி விதைத்தால், பக்கத்து வயல்காரர் விதைக்காவிட்டாலும் அவருக்குப் பலன் உண்டு. மற்றொன்று, ஊரார் அனைவரும் அறிந்தாலன்றிப் பயன் தராத அறிவு. ஒருவர் அறிந்து ஒன்பதின்மர் அறியாவிட்டால், அறிந்தவரின் முயற்சியும் பாழாகும். இந்த இரண்டாவது வகை அறிவைப் பற்றியே இன்று நான் பேசப்போகிறேன். ஏனெனில், அதை ஊருக்குக் கொண்டு வந்து சேர்க்கும் பொறுப்பு ஊராட்சிக்கே உரியது.

மாவுப்பூச்சி வந்த கதை

2008-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளிச் செடிகளின்மீது வெள்ளைப் பஞ்சு போன்ற ஒரு பூச்சி காணப்பட்டது. அதற்குமுன் இந்திய நாட்டில் அது இருந்ததில்லை. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி அது. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் முனியப்பனும் அவருடைய கூட்டாளிகளும், இப்பூச்சி இந்தியாவிலும் இந்தோனேசியாவிலும் புகுந்துவிட்டது என்பதை 2008-இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வாயிலாக உலகுக்கு அறிவித்தனர்.

பெயர்தான் பப்பாளி மாவுப்பூச்சி. அது பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளியில் ஏறியது, பருத்தியில் ஏறியது, மல்பெரித் தோட்டங்களை நாசம் செய்தது. பார்த்தீனியம் போன்ற களைகளில் தங்கிப் பெருகியது. சாற்றை உறிஞ்சியது, இலைகளைச் சுருளச் செய்தது, தான் கழிக்கும் தேன் போன்ற நீரினால் இலைகளின்மேல் கரும்பூசணம் படரவும் வழி செய்தது.

பட்டு வளர்ப்போரின் நிலைமைதான் மிகவும் இரங்கத்தக்கதாய் இருந்தது. நம் மாவட்டத்தில் பட்டு வளர்ப்பை நம்பி வாழும் குடும்பங்கள் பலவாதலால் இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நஞ்சு தெளித்த மல்பெரி இலையைப் புழுவுக்கு இட்டால் புழு மடியும். தெளிக்காமல் விட்டால் இலை மிஞ்சாது. மேலும், மாவுப்பூச்சியின் உடலை மெழுகு போன்ற பொடி மூடியிருப்பதால், தெளித்த மருந்து உள்ளே சென்று தாக்குவதும் அரிது. ஆகவே செலவு ஏறியது, பூச்சியோ குறையவில்லை.

ஒரு பூச்சி தன் தாயகத்தில் பெருந்தொல்லை கொடுக்காமல் அடங்கியிருந்து, வேற்று நாட்டுக்கு வந்ததும் கட்டுக்கடங்காமல் பெருகுவானேன்? தாயகத்தில் அதைத் தின்று வாழும் எதிரிகள் உண்டு. இங்கு வரும்போது பூச்சி மட்டும் வந்தது. எதிரி உடன் வரவில்லை. எனவே அந்த எதிரியையும் தேடிக் கொணர வேண்டும் என்பது உயிரியல் அறிஞர்களின் முடிவு.

பெங்களூரில் இருக்கும் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அப்பணியை மேற்கொண்டது. ஓசூர் வழியே நாம் நாள்தோறும் போய்வரும் அதே பெங்களூரில்தான் அந்நிறுவனம் இருக்கிறது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உதவியுடன் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் 2010 ஜூலையில் தருவிக்கப்பட்டன. அவற்றால் வேறு நன்மை தரும் உயிர்களுக்குக் கேடு வருமா என்று முதலில் சோதித்தார்கள். கேடில்லை என்று கண்ட பின்னரே அவ்வாண்டின் பிற்பகுதியில் வயல்களில் விட்டார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் குளவிகளைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது.

மூன்றனுள் மிகச் சிறப்பாகப் பணி செய்தது அசிரோபேகஸ் பப்பாயே என்பது. குளவி என்றவுடன் கொட்டும் குளவி என்று அஞ்ச வேண்டா. அது ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாதது, மனிதரைக் கொட்டாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். மாவுப்பூச்சி உலர்ந்து வெறுங்கூடாகிவிடும். அக்கூட்டைத் துளைத்துக்கொண்டு புதிய குளவி வெளிவரும். வந்ததும் அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிச் செல்லும். இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடுகிறது. சில மாதங்களில் பப்பாளித் தோட்டங்களும் மல்பெரித் தோட்டங்களும் மீண்டும் தழைக்கத் தொடங்கின.

மருந்துப் புட்டி தீர்ந்தால் மீண்டும் பணம் கொடுத்து வாங்க வேண்டும். இந்தக் குளவி தானே பெருகுகிறது, தானே பரவுகிறது, ஒருவர் வயலிலிருந்து அடுத்தவர் வயலுக்குக் கூலி கேளாமல் செல்கிறது.

வரப்பைத் தாண்டும் பொறுப்பு

ஆனால் இதிலே ஒரு நிபந்தனை உண்டு. குளவி விடப்பட்ட இடத்தில் நஞ்சு தெளிக்கலாகாது. மெழுகுப் பொடிக்குள் ஒளிந்திருக்கும் மாவுப்பூச்சி மருந்துக்குத் தப்பினாலும் தப்பும். வெளியே பறந்து திரியும் சின்னஞ்சிறு குளவி தப்பாது. நடுவிலிருக்கும் ஒரு விவசாயி செய்தி தெரியாமல் தெளித்துவிட்டால், அவர் கொல்வது தம் வயலிலுள்ள குளவிகளை மட்டுமன்று. சுற்றியுள்ள பத்து வயல்களுக்குச் செல்ல வேண்டிய குளவிகளையும் அவர் கொன்றுவிடுகிறார். அவர்மேல் குற்றமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆராய்ச்சிச் சாலையில் எத்துணைப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தாலும், அது கிராமத்தின் கடைசி வீடுவரை சென்று சேராவிட்டால் முழுப் பயன் தராது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மரவள்ளிக்கு வந்த மற்றொரு சோதனை

இக்கதை ஒருமுறையோடு முடியவில்லை. 2020-ஆம் ஆண்டில் கேரள மாநிலம் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறொரு வகை முதன்முதலாகக் காணப்பட்டது. விரைவிலேயே சேலம், நாமக்கல், தருமபுரி ஆகிய மாவட்டங்களின் மரவள்ளி வயல்களிலும் அது பரவியது. நுனிக் குருத்துகள் சுருண்டு கொத்தாகி, செடி குட்டையாக நின்றுவிட்டதைக் கண்டு விவசாயிகள் திகைத்தார்கள்.

இம்முறை விடை முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1970-களில் இதே பூச்சி ஆப்பிரிக்காவில் புகுந்து, மரவள்ளியையே உணவாகக் கொண்ட கோடிக்கணக்கான மக்களைப் பஞ்சத்தின் வாயிலுக்குக் கொண்டு சென்றது. அதன் எதிரியைத் தேடி அறிஞர்கள் தென் அமெரிக்கா முழுவதும் அலைந்தார்கள். 1981-இல் பராகுவே நாட்டில் அனகைரஸ் லோபெசி என்னும் குளவி கிடைத்தது. அதை ஆப்பிரிக்காவில் பெருக்கிப் பல நாடுகளில் விட்டார்கள். அம்முயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் என்பவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

அந்த அனுபவத்தை எவரும் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஆராய்ச்சி முடிவுகளை அச்சிட்டு உலகறிய வெளியிட்டார்கள். ஆகையால் 2021-இல் நம் நாட்டு அறிஞர்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டிலுள்ள ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அதே குளவியைத் தருவிக்க முடிந்தது. 2022 மார்ச் 7-ஆம் நாள், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வயலில் விடப்பட்டது. பராகுவே மண்ணில் கண்டெடுத்து, ஆப்பிரிக்க உழவனின் வயலில் சோதித்துப் பார்த்த உண்மை, நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சேலத்து உழவனுக்குக் கைகொடுத்தது. திறந்த அறிவு என்று இக்காலத்தில் சொல்லப்படுவது இதுவே. மறைக்காத அறிவுக்குத் தேச எல்லை கிடையாது.

தென்னையில் இன்று நாம் காண்பது

பழைய கதையை மட்டும் பேசிவிட்டுப் போக நான் வரவில்லை. நம் பகுதித் தென்னந்தோப்புகளைப் பாருங்கள். ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக வெண்மை படிந்திருப்பதும், கீழ் ஓலைகள் கரி பூசினாற்போல் கறுத்திருப்பதும் உங்களுக்குப் புதியவை அல்ல. இது சுருள் வெள்ளை ஈயின் வேலை. 2016-இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதன்முதல் காணப்பட்டது. இதற்கும் ஓர் ஒட்டுண்ணிக் குளவி உண்டு. அதன் பெயர் என்கார்சியா. அது பல தோப்புகளில் தானாகவே பெருகியிருக்கிறது.

பல்கலைக்கழகம் கூறும் யோசனை எளியது. பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டா. ஐந்தடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள மஞ்சள் நிறத் தாள்களில் விளக்கெண்ணெய் தடவி, ஏக்கருக்கு எட்டு வீதம் ஆறடி உயரத்தில் கட்டுங்கள். பறக்கும் ஈக்கள் ஒட்டிக்கொள்ளும். ஓலையின் அடிப்புறத்தில் விசையோடு தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். குளவியின் கூட்டுப்புழுக்கள் உள்ள ஓலைத் துண்டுகளை, அவை இல்லாத தோப்புக்குக் கொண்டு சென்று கட்டுங்கள். தோப்புக்கு அருகில் வாழையும் கல்வாழையும் இருந்தால் குளவி பெருக அவை துணை செய்யும்.

எனினும் "மருந்து வேண்டாம்" என்பது எல்லாப் பூச்சிக்கும் விடை என்று கொண்டுவிடாதீர்கள். 2018 மே மாதத்தில் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் காணப்பட்ட மக்காச்சோளப் படைப்புழு சில மாதங்களிலேயே எல்லை கடந்து நம்மிடம் வந்தது. அதற்கு உழவு முதலாகச் செய்ய வேண்டிய முறைகள் வேறு. தெளிக்க வேண்டிய காலமும் வேறு. பூச்சிக்குப் பூச்சி, பயிருக்குப் பயிர் விடை மாறும். அதனால்தான் பூச்சியை இன்னதென்று அறியாமுன் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள் என்கிறேன்.

திறந்திருக்கும் கதவுகள்

1868-இல் சென்னைச் சைதாப்பேட்டையில் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கி, 1906-இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம். அங்கே கண்டறியப்படும் செய்திகள் கிராமத்துக்கு வர முன்னாளில் வழிகள் சில. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, கிராம சேவகர் சைக்கிளில் வந்து சொன்னால் உண்டு. பின்பு வானொலி வந்தது. 1960-களில் தஞ்சைப் பகுதி விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லை 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். வானொலியில் கேட்டு விதைத்த நெல் அன்றோ! விஞ்ஞானம் மக்கள் மொழியில் பேசினால் மக்கள் அதற்குப் பெயரும் சூட்டிவிடுவார்கள் என்பதற்கு அது அழகிய சான்று.

இன்று வழிகள் பல. பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் பயிர்வாரியாகச் செய்திகள் தமிழிலேயே இருக்கின்றன. படிக்கக் கட்டணம் இல்லை. 2018-இல் வந்த 'உழவன்' செயலி கைப்பேசியில் கிடைக்கிறது. 2004 முதல் நடைபெறும் உழவர் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்னும் எண்ணில் கட்டணமின்றிக் கூப்பிட்டுத் தமிழிலேயே ஐயம் கேட்கலாம். பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி, தொலைநிலைக் கல்வி இயக்ககம் விவசாயிகளுக்கென்றே தமிழில் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்துகிறது. கல்லூரி வாசலை மிதியாதவரும் அதில் சேரலாம். பையூர் நிலையமும், எலுமிச்சங்கிரியிலுள்ள வேளாண் அறிவியல் மையமும் ஒரு நாள் பொழுதில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளன.

கதவுகள் திறந்திருக்கின்றன. ஆனால் திறந்த கதவு வேறு, உள்ளே நுழைந்த மனிதர் வேறு. இணையத்தில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டதால் அது ஊருக்குத் தெரிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. கண் தெரியாத முதியவர், எழுத்தறியாத தாய், கைப்பேசியில்லாத கூலித் தொழிலாளி ஆகியோருக்கு அந்தச் செய்தி எப்படிச் சேரும்? பூச்சியை முதலில் காண்பவர் பெரும்பாலும் மல்பெரி இலை பறிக்கும் பெண்களும் களை எடுக்கும் பெண்களுமே. அவர்களுக்குச் செய்தி போய்ச் சேராவிட்டால் ஊருக்கே கண் இல்லை என்று பொருள்.

மற்றோர் ஆபத்தும் உண்டு. கைப்பேசியில் மெய்யும் பொய்யும் ஒரே வேகத்தில் வருகின்றன. "இதைக் கலந்து தெளித்தால் ஒரே நாளில் பூச்சி ஒழியும்" என்று பெயரில்லாத ஒருவர் அனுப்பும் செய்தியை நம்பிப் பயிரைக் கருக்கிக்கொண்டவர்களை நான் பணியாற்றிய வட்டாரங்களில் கண்டிருக்கிறேன். எந்தச் செய்தி வந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். சொன்னவர் யார்? எந்த நிறுவனம்? எந்தப் பயிருக்கு? எந்த ஆண்டில்? நான்குக்கும் விடை இல்லையாயின் அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

ஊராட்சி செய்யக்கூடியவை

இவற்றுக்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஒழுங்கும் ஊக்கமும் இருந்தால் போதும். ஐந்து காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, அறிவிப்புப் பலகை. ஊராட்சி அலுவலகத்தின் முன்னும் பால் கூட்டுறவுச் சங்கத்தின் முன்னும் ஒரு கரும்பலகை இருக்கட்டும். இந்த வாரம் எந்தப் பயிரில் எந்தப் பூச்சி, செய்ய வேண்டியது யாது, செய்யக்கூடாதது யாது என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். உதவி வேளாண்மை அலுவலரிடம் கேட்டு எழுதினால் பிழை நேராது. காலையில் பால் ஊற்ற வருபவர் எல்லாரும் அதைக் காண்பர்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. சாலை, குடிநீர், விளக்கு ஆகியவற்றோடு பயிர்ப் பாதுகாப்பையும் ஒரு பொருளாக வையுங்கள். "குளவி விட்டிருக்கும் காலத்தில் நம் ஊரில் எவரும் நஞ்சு தெளிப்பதில்லை" என்று ஊரே கூடி முடிவு செய்தால், அதற்குரிய வலிமை எந்தச் சுற்றறிக்கைக்கும் இல்லை.

மூன்றாவது, உரக்கப் படித்தல். நூலகத்திலோ பள்ளியிலோ மாதம் ஒரு மாலை, படித்த இளைஞர் ஒருவர் வேளாண் இணையதளத்துச் செய்தியைப் படிக்கட்டும், மற்றவர் கேட்கட்டும், ஐயங்களைக் குறித்துக்கொண்டு உழவர் அழைப்பு மையத்தை அங்கேயே கூப்பிட்டுக் கேட்கட்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்திலும் இதைச் செய்யலாம்.

நான்காவது, மாதிரி அனுப்புதல். புதிய பூச்சியோ நோயோ கண்டால், அச்செடியை மூட்டையாகக் கட்டி ஊர் ஊராகத் தூக்கிச் செல்லாதீர்கள். அதுவே நோயைப் பரப்பும். ஓர் இலையை மூடிய பையில் இட்டு, பயிர், ஊர், நாள் ஆகியவற்றை எழுதி, வேளாண்மை விரிவாக்க மையத்தில் சேர்ப்பியுங்கள். ஆராய்ச்சியாளர்கள் எல்லா வயலுக்கும் வர இயலாது. எல்லைப்புறத்தில் வாழும் நாமோ அண்டை மாநிலத்திலிருந்து வரும் பூச்சியை முதலில் காணும் இடத்தில் இருக்கிறோம். நம் கண்களும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

ஐந்தாவது, பள்ளிக்கூடம். தென்னை ஓலையின் அடியில் என்ன இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க மாணவர்களுக்கு ஒரு நாள் வாய்ப்பளிக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளை ஈ எது, அதைக் கொல்லும் குளவியின் கூடு எது என்று கண்ட சிறுவன், வீட்டுக்குப் போய்த் தந்தையின் கையிலுள்ள தெளிப்பானைத் தடுப்பான். பெரியவர்களுக்கு நாம் சொல்வதைக் காட்டிலும் பிள்ளைகள் சொன்னால் விரைவில் ஏறும்.

பெரியோர்களே,

ஆராய்ச்சி செய்வோர் தம் கடமையைச் செய்கிறார்கள். பராகுவேயிலிருந்தும் போர்ட்டோரிக்கோவிலிருந்தும் பெங்களூருக்கும் கோயம்புத்தூருக்கும் ஏத்தாப்பூருக்கும் அறிவு வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து உங்கள் ஊரின் கடைசி வீட்டுக்குச் செல்ல வேண்டிய வழி இனி மிகக் குறுகியது. ஆனால் அந்தக் குறுகிய வழியை அமைப்பவர் நீங்களே. சாலை போடுவது போல, குடிநீர்க் குழாய் பதிப்பது போல, அறிவு செல்லும் பாதையை அமைப்பதும் ஊராட்சியின் வேலை என்று கொள்ளுங்கள். பூச்சிக்கு வரப்பு தெரியாது. ஆகையால் நம் அறிவும் வரப்போடு நின்றுவிடலாகாது.

அடுத்த கிராம சபையில் உங்கள் ஊர்க் கரும்பலகையைப் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது என்ற செய்தியை எதிர்பார்த்து என் உரையை முடித்துக்கொள்கிறேன்.